வந்தியின் பங்கு



பிட்டுக்கு மண் சுமந்த கதை நம் எல்லாருக்கும் தெரியும். சின்ன வயசுல சமய வகுப்பில் கேட்டபோது எனக்கு அதில் பிடித்தது பிட்டு மட்டும்தான். பொறியியல் படிக்க வந்த பிறகுதான் அந்தக் கதையில் இருந்த கரை என் கண்ணில் பட்டது. அதற்குக் காரணம் ஒரு பாலைவன நாட்டில் அடித்த புயல்.

2021 அக்டோபர் 3, ஓமான். நம்ம ஊரில் ஒரு மாலை மழைக்கே லோங்காங் நிரம்பிவிடும். அங்கே மஸ்கட்டில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே சுமார் 100 மில்லிமீட்டர்தான். அந்த நாட்டின் வடக்குக் கரையில் ஷாஹீன் புயல் ஏறியது. 1890க்குப் பிறகு அந்தப் பக்கம் புயல் கரையேறியதே இல்லை. அல் காபூராவில் மட்டும் 369 மில்லிமீட்டர் கொட்டியது.

வறண்ட ஊருக்கு மழை வந்தால் மண் குடித்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மொட்டைப் பாறை மலையில் விழுந்த தண்ணீர் நிற்காது. நேராக ஓடைக்கு ஓடி வரும். 'வாதி' என்று அரபியில் சொல்வார்கள். மாதக்கணக்கில் காய்ந்து கிடப்பதால் அதன் குறுக்கே ரோடு போகும், ஓரத்தில் வீடு வரும். ஓடும் தண்ணீர் இரண்டடி இருந்தாலே போதும், பெரும்பாலான கார்களை அடித்துக்கொண்டு போய்விடும்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. விடுமுறை விட்டார்கள், கரையோர மக்களை வெளியேற்றினார்கள், தங்குவதற்கு இடம் திறந்துவிட்டார்கள். அப்படியும் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அமராத்தில் ஒரு குழந்தையை வெள்ளம் இழுத்துப் போனது. ருசைல் தொழிற்பேட்டையில் மலைச்சரிவு தொழிலாளர் குடியிருப்பின் மேல் விழுந்து இருவர் மாண்டார்கள். பிழைக்க வந்த ஆசியத் தொழிலாளர்கள்.

இதையெல்லாம் "கடவுள் தந்த தண்டனை" என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஏற்க மாட்டேன். அந்தக் குழந்தை என்ன பாவம் செய்தது?

இப்போது மதுரைக்கு வாருங்கள். வைகை உடைத்துக்கொண்டு வருகிறது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தன் பங்குக் கரையை அடைக்க வேண்டும் என்பது பாண்டியன் கட்டளை. எல்லார் பங்கும் முடிந்தது. பிட்டு விற்கும் வந்திக் கிழவிக்கு மட்டும் அனுப்ப ஆள் இல்லை. கரையில் ஒரு முழம் திறந்திருந்தாலும் அடைத்த மீதிக் கரை இருந்தும் பிரயோசனம் இல்லை. தண்ணீர் அந்த ஒரு முழத்தைத்தான் தேடி வரும். ருசைலில் மலையடியில் படுத்திருந்தவர்களின் இடம் அந்த ஒரு முழம்தான். அவர்களுக்கும் அனுப்ப ஆள் இல்லை.

சொக்கநாதர் நின்றது வந்தியின் பங்கில்தான். அரண்மனைப் பங்கில் இல்லை. ஆற்றை நிறுத்தும் சக்தி உள்ளவர், உதிர்ந்த பிட்டுக்குக் கூலியாளாகக் கூடை தூக்கினார். பிரம்படி அவர் முதுகில் விழுந்தபோது அது எல்லா உயிர் மேலும் பட்டது என்கிறது புராணம்.

ஓமானில் தண்ணீர் வடிந்ததும் வீடு வீடாகச் சேறு. வார இறுதியில் நாட்டின் மற்ற ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் வண்டி ஏறி வந்து, முன்பின் தெரியாதவர் வீட்டுச் சேற்றை அள்ளினார்கள். பெரும்பாலும் முஸ்லிம்கள். திருவிளையாடல் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் கதைக்குள்ளே நின்றது அவர்கள்தான்.

நான்? அதே ஆண்டு டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது. நானும் நண்பர்களும் போனோம். ஒரு வீட்டு வாசலில் தனியாக இருந்த பாட்டி, "தம்பி, இந்த மெத்தையை மட்டும் வெளியே போட்டுடுறியா?" என்று கேட்டார். "வரேன் பாட்டி" என்றேன். குழுவோடு படம் எடுத்து, சாப்பாடு கொடுத்து, நேரமாகிவிட்டது என்று வண்டியில் ஏறிவிட்டோம். பாதி வழியில்தான் மெத்தை ஞாபகம் வந்தது. திரும்பிப் போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பாட்டி இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் எங்கள் கோயில் பின்புற லோங்காங்கைச் சுத்தம் செய்யப் போகிறோம். அதன் ஓரத்தில் நாலு வீட்டில் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள். வரும் ஞாயிறு காலை ஏழு மணி. சங்கோல் இருந்தால் கொண்டு வாருங்கள். எங்களிடம் மூன்றுதான் இருக்கிறது.