விசிட்டுக்கு என்ன ரேட்?

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம்-வடகால், ஒரகடம் என்று சிப்காட் வளாகங்கள் வரிசையாகக் கிடக்கும் இந்தப் பகுதியின் கார் ஆலைகளையும் போன் ஆலைகளையும் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. அவற்றின் கேட்டில் விசிட்டர் பாஸ் வாங்கிக்கொண்டு, லேப்டாப் பையோடு உள்ளே போகும் தனியாட்களை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. பி.எல்.சி. புரோகிராம் போடுபவர், ரோபோவுக்கு டீச்சிங் செய்பவர், ஃபிக்ஸ்சர் டிசைன் வரைபவர், வி.எம்.சி.க்கு புரோகிராம் எழுதித் தருபவர். பல வருடம் ஏதாவதொரு ஆலையின் மெயின்டனன்ஸில் இருந்துவிட்டு வெளியே வந்தவர்கள்தான் இவர்களில் பெரும்பாலோர். கையில் தொழில் இருக்கிறது, "விசிட்டுக்கு என்ன ரேட்?" என்று கேட்டால்தான் நாக்கு குழறுகிறது.

முதல் கொட்டேஷன் அநேகமாகப் பழைய சம்பளத்திலிருந்து பிறக்கும். மாதம் 50,000 வாங்கியவர் அதை 26 நாளால் வகுப்பார். 1,923 வரும். "ரவுண்டா ரெண்டாயிரம் சார்" என்பார். எதிர்ப்பக்கம் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டுவிடும். அதிலேயே விஷயம் புரிந்திருக்க வேண்டும்.

சம்பளம் என்பது வேலை செய்த நாளுக்கு மட்டும் தந்த பணமில்லை. ஞாயிறு, ஆயுத பூஜை, காய்ச்சலில் படுத்த நாள், மெஷின் ஒழுங்காக ஓடியதால் சும்மா இருந்த நாள் எல்லாமே அதில் அடக்கம். அதற்கு வெளியே பி.எஃப்.பில் முதலாளி பங்காக 12 சதவீதம், வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளக் கணக்கில் கிராஜுவிட்டி, போனஸ், கம்பெனி பஸ், கேன்டீன் சாப்பாடு. இவற்றையெல்லாம் கூட்டினால் அவர் விட்டு வந்தது ஆண்டுக்கு 6 லட்சம் இல்லை, ஏறக்குறைய 7 லட்சம். இனி லேப்டாப், சாஃப்ட்வேர் லைசென்ஸ், விதவிதமான கேபிள்கள், வண்டி, மருத்துவக் காப்பீடு, ஆடிட்டர் ஃபீஸ் எல்லாம் அவர் தலையில். அதற்கு ஒரு 2 லட்சம் வைப்போம். ஆக 9 லட்சம் வரவேண்டும்.

எத்தனை நாளில்? 365இல் ஞாயிறுகள் 52 போனால் 313. பண்டிகை, உடம்புக்கு முடியாதது, சொந்தக்காரர் கல்யாணம் என்று 23 நாள் கழித்தால் 290. இதில் பில் போடக்கூடிய நாள் எத்தனை என்பதுதான் கேள்வி. போய்ப் பார்த்து கொட்டேஷன் கொடுப்பது, பி.ஓ. வரும்வரை அலைவது, புதிய கன்ட்ரோலரைப் படிப்பது, போட்ட பில்லுக்காக நடப்பது, இதற்கெல்லாம் யாரும் காசு தருவதில்லை. 150 நாள் பில் போட்டால் நல்ல வருடம் என்பேன். 9 லட்சத்தை 150ஆல் வகுத்தால் 6,000. ஆளுக்கு ஆள் எண்கள் மாறும். ஆனாலும் இரண்டாயிரத்தில் யாருக்கும் கட்டுப்படியாகாது. அந்த 6,000கூட கேட்க வேண்டிய ரேட் ஆகாது. அதற்குக் கீழே போனால் கைக்காசு கரையும் என்கிற கோடு, அவ்வளவே.

அடுத்து, எதற்கு விலை சொல்கிறோம் என்பது. நாள் கணக்கு, கெட்டிக்காரனுக்கு அபராதம் போடுகிற கணக்கு. புதிதாக வந்தவர் இரண்டு நாள் தேடும் பிரேக்டவுனை, பத்து வருடம் அதே லைனில் கிடந்தவர் நாற்பது நிமிடத்தில் கண்டுபிடிப்பார். லைன் நின்ற ஒவ்வொரு நிமிடத்தையும் ஆலை எண்ணிக்கொண்டிருக்கும் இடத்தில், வேகமாக முடித்ததற்காக அரை நாள் கூலி வாங்கிக்கொண்டு வருவது என்ன நியாயம்? அதனால் பிரேக்டவுனுக்கு விசிட் கணக்கில், குறைந்தபட்சத் தொகையோடு ஒரு ரேட். ராத்திரியும் ஞாயிறும் கூப்பிட்டால் வேறு ரேட். புராஜெக்ட் என்றால் மொத்தத் தொகை பேசி அட்வான்ஸ், டிரையல், ஒப்படைப்பு என்று பிரித்து வாங்குவது. நாள் ரேட்டை, வேலையின் எல்லை தெரியாத இடத்தில் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கொட்டேஷனில் பெரும்பாலும் விட்டுப்போவது காத்திருப்பு. காலை எட்டு மணிக்கு வரச்சொல்வார்கள். பாஸ், சேஃப்டி வகுப்பு, ஷூ, ஹெல்மெட் முடிந்து லைன் பக்கம் போனால், "டார்கெட் முடியல, ஷிஃப்ட் முடிஞ்சதும் தர்றோம்" என்பார் புரொடக்‌ஷன்காரர். அவர் பக்கம் தப்பில்லை. அவருக்கு மேலே ஒருவர் எண்ணிக்கை கேட்கிறார். ஆனால் அந்த ஏழு மணி நேரம் யாருடைய செலவு? பக்கத்திலேயே ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டு மின்கட்டணத்தோடு நிலைக்கட்டணமும் ஏறியபோது சிறுதொழில் சங்கங்கள் போராடியதே, மெஷின் ஓடாத நேரத்துக்கும் காசு போகிறது என்றுதான். தனியாளும் சும்மா நிற்கிற மெஷின்தான். லைன் ஒப்படைக்க இத்தனை மணிக்குமேல் தாமதமானால் அரை நாள் கூடுதல் என்று ஒரு வரி கொட்டேஷனில் இருக்கட்டும். பல இடங்களில் அந்தப் பணம் வராது. ஆனால் அந்த வரி இருப்பதால் லைன் சீக்கிரம் கிடைக்கும்.

ரேட்டுக்குள் இன்னொரு ரேட் பதுங்கியிருக்கிறது: பேமெண்ட் நாள். ஒரு லட்சத்துக்கு பில் போட்டு, 90 நாள் கழித்துப் பணம் வருகிறது. நடுவில் ரெண்டு வட்டிக்கு வாங்கிச் சமாளித்தால் 6,000 வட்டிக்கே போகும். கேட்காமலே ஆறு சதவீதம் தள்ளுபடி தந்தாயிற்று. இதற்கு ஒரு பிடி உண்டு: சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு. இலவசம், ஆதாரை வைத்துச் செய்துவிடலாம். அது இருந்தால் 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. வாடிக்கையாளர்மேல் புகார் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் அதே கேட்டில் போய் நிற்க எத்தனை பேருக்கு மனம் வரும் என்பது வேறு விஷயம். 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த மாற்றம்தான் கூடுதல் உபயோகம்: கெடு தாண்டியும் மார்ச் 31க்குள் தராமல் வைத்திருந்தால், அந்தத் தொகையைக் கம்பெனி அந்த ஆண்டுச் செலவாக வருமானவரிக் கணக்கில் காட்ட முடியாது. மார்ச் மாதம் அக்கவுண்ட்ஸ் பிரிவிலிருந்து தானாக போன் வந்தால் காரணம் இதுதான். உத்யம் எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சடித்துவிடுங்கள்.

இனி ரேட்டை ஏற்றுவது. இந்தப் பகுதியில் அது சற்றுக் கடினம், காரணமும் உண்டு. கார் தொழிலில் உதிரிபாகம் தருபவர் ஆண்டுக்கு ஆண்டு விலையைக் குறைத்துத் தரவேண்டும் என்பது வழக்கம். இரும்பு விலை ஏறினால் சேர்த்துத் தருவார்கள், கூலியும் கரண்டும் ஏறினால் "நீங்களே சமாளியுங்கள்." பர்ச்சேஸில் உட்கார்ந்திருப்பவரின் வருட மதிப்பீடே எவ்வளவு குறைத்தார் என்பதில் இருக்கிறது. அவரிடம் போய் "பத்து சதவீதம் ஏற்றிக்கொடுங்க சார்" என்றால், அவரால் சரி என்று சொல்லவே முடியாது. ஆகவே பழைய பி.ஓ.வை ஏற்றச் சொல்லாதீர்கள். அதன் காலம் முடியட்டும். ஏப்ரலில் புதிய கொட்டேஷன், புதிய எல்லைகளோடு போகட்டும்: பேக்கப் எடுத்துத் தருவது, டிராயிங் திருத்துவது, ஆபரேட்டருக்குக் கற்றுத்தருவது எல்லாம் தனி வரியாக. இரண்டு மாதம் முன்பே மெயின்டனன்ஸ் மேனேஜரிடம் சொல்லிவைக்க வேண்டும். உங்களால் நிம்மதியாகத் தூங்குபவர் அவர். பர்ச்சேஸிடம் உங்களுக்காகப் பேசப்போகிறவரும் அவரே. பொங்கல், ஆயுத பூஜை ஷட்டவுனுக்கு முன்னால் எல்லா ஆலைக்கும் ஒரே நேரத்தில் ஆள் வேண்டும். புதிய ரேட்டைப் புதிய வாடிக்கையாளரிடம் முதலில் சொல்லிப் பார்க்க அதைவிட நல்ல சமயம் கிடையாது.

சங்கமாகக் கேட்டால் என்ன என்பார்கள். கோவை, திருப்பூர் விசைத்தறிக்காரர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள். 2021 நவம்பரில் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 20 சதவீதம் கூலி உயர்வு அறிவிக்கப்பட்டது. அது கைக்கு வராததால் 2022 ஜனவரியில் தறிகளை நிறுத்தினார்கள், 2025இல் மறுபடியும். ஊரே ஒரே தொழில் செய்யும் இடத்திலேயே அறிவித்த கூலி ஒன்று, பில்லில் ஏறுவது ஒன்று. ஆளுக்கொரு தொழில் செய்யும் ஒரகடத்தில் ஒவ்வொருவரும் தனியாகத்தான் பேசியாக வேண்டும்.

தனியாகப் பேசுகிறவருக்கு பலம், மற்ற வாடிக்கையாளர்கள். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கிய நோக்கியா 2014 நவம்பரில் மூடிவிட்டது. பக்கத்து மறைமலை நகரில் ஃபோர்டு 2022இல் நிறுத்தியது. ஒரே கேட்டை நம்பியிருப்பவர் ரேட் ஏற்றக் கேட்கவும் முடியாது, கேட் மூடினால் போக இடமும் இருக்காது. மூன்று நான்கு இடங்களில் வேலை உள்ளவர், ஒன்று போனாலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 6,000 ரேட்டை 7,500 ஆக்கியதால் ஒரு வாடிக்கையாளர் விலகி, 150 நாள் 120 ஆகிவிட்டது என்று வையுங்கள். 120 நாளுக்கு 7,500 வீதம் அதே 9 லட்சம். மிச்சமான 30 நாளில், இதுவரை "நமக்குத் தெரியாது" என்று திருப்பி அனுப்பிய ரோபோ வேலையைப் படிக்கலாம்.