நாடகக் கண்ணீரும் நாட்டுக் கண்ணீரும்



"இரத்தக்கண்ணீர்" நாடகத்தைப் பற்றிக் கேள்விப்படாத பெரியவர்கள் நம் பக்கத்துக் கிராமங்களில் வெகு சிலரே இருப்பர். திருவாரூர் கே. தங்கராசு எழுதி, எம். ஆர். ராதா ஊர் ஊராகச் சென்று நடித்த நாடகம் அது. 1954-ம் ஆண்டில் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் திரைப்படமாகவும் வெளிவந்தது. வெளிநாட்டிலிருந்து திரும்பும் மோகனசுந்தரம் என்னும் செல்வன், பெற்ற தாயை மதியாமல், கட்டிய மனைவி சந்திராவைப் புறக்கணித்து, காந்தா என்பவளின் வீடே கதியென்று கிடக்கிறான். பின்னர் தொழுநோய் அவனைப் பற்றிக்கொள்கிறது. நோய் வந்ததும் காந்தாவின் வீட்டுக் கதவு மூடப்படுகிறது. தெருவே அவனுக்கு வீடாகிறது. முடிவில் சந்திராவைத் தன் நண்பன் பாலுவுக்கு மணமுடித்துவைத்து, நோயுற்ற தன் உருவத்தையே சிலையாக நாட்டி உலகுக்கு எச்சரிக்கையாக வைக்கச் சொல்கிறான்.

முடங்கிய கையும், தடுமாறும் நடையும், கரகரத்த குரலுமாக ராதா மேடைக்கு வந்தபோது ஜனங்கள் அழுதார்கள். அந்த நோயாளி வாய்திறந்து ஊரைக் கேலி செய்தபோது வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ஆனால் நாடகம் முடிந்து வீடு திரும்பும் வழியில் அதே போன்ற ஒரு மனிதன் மரத்தடியில் உட்கார்ந்திருந்தால், அவனருகில் நின்று அவன் பேச்சைக் கேட்டவர் எத்தனை பேர்? மேடையில் நின்றவனிடம் காட்டிய இரக்கம் தெருவில் கிடந்தவனிடம் ஏன் செல்லவில்லை? இதுவே நாம் இங்கு சிந்திக்க வேண்டிய கேள்வி.

முதற் காரணம் நாடகத்திலேயே இருக்கிறது. மோகனசுந்தரம் தவறு செய்தான், ஆகையால் நோயுற்றான் என்று கதை போகிறது. பார்ப்பவனுடைய மனம் ஒரு பக்கம் அழுதாலும், மறு பக்கம், "செய்ததற்கு அனுபவிக்கிறான்" என்று ஆறுதல் கொள்கிறது. அப்படி எண்ணிவிட்டால் அவனுக்குச் செய்ய வேண்டிய கடமை ஒன்றும் நமக்கு மிஞ்சுவதில்லை. மூடநம்பிக்கைகளையெல்லாம் நையாண்டி செய்த பகுத்தறிவு மேடை, வியாதி பாவத்தின் தண்டனை என்ற பழைய எண்ணத்தை மட்டும் தொடாமல் விட்டுவிட்டது வியப்பல்லவா?

உண்மை என்ன? தொழுநோய் ஒரு கிருமியால் வருவது. அதை 1873-ம் ஆண்டில் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்தார். ஒழுக்கக்கேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குழந்தைக்கும் வரும், உத்தமனுக்கும் வரும். பெரும்பான்மையான மனிதருக்கு அதை எதிர்க்கும் சக்தி இயற்கையிலேயே இருக்கிறது. நம் உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்திலுள்ள செங்கல்பட்டுத் திருமணியில், "இரத்தக்கண்ணீர்" படமாக வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, டாக்டர் காக்ரேன் புது மருந்து கொடுத்து நோயாளிகளைக் குணப்படுத்தி வந்தார். 1955-ல் அங்கே மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. ஆக, சினிமாக் கொட்டகையில் கதாநாயகன் தீராத வியாதியால் வதங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், பக்கத்து ஊரில் அந்த வியாதி தீர்ந்துகொண்டிருந்தது! கொட்டகையில் கண்டதைப் பேசியவர்கள் பலர். திருமணியில் நடந்ததைப் பேசியவர்கள் சிலரே.

"அதெல்லாம் சரி, பிள்ளைகுட்டிக்காரர் தொற்றுநோய்க்கு அஞ்சுவது தவறா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வைத்தியம் செய்துகொள்ளாத நோயாளியிடமிருந்து நோய் பரவக்கூடும். அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே அதற்குப் பரிகாரம். 1980-களிலிருந்து வழங்கப்படும் கூட்டு மருந்தை உட்கொள்ளத் தொடங்கிய சில நாட்களிலேயே தொற்றும் தன்மை நீங்கிவிடுகிறது. ஆறு மாதமோ ஓராண்டோ மருந்து உண்டால் நோய் முற்றிலும் தீருகிறது. அதற்குப் பின்னும் ஒருவரைத் தள்ளிவைத்தால், அதற்கு அச்சம் என்று பேர் சொல்ல முடியாது. தீர்ந்துபோன நோயின் வடுவைக் கண்டு முகஞ்சுளிப்பதே அது.

அருளப்பர் சுவிசேஷத்தின் 9-ம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், பாவம் இவனுடையதா, இவன் பெற்றோருடையதா என்று வினவுகிறார்கள். இருவருடையதுமன்று என்று ஆண்டவர் அந்தக் கேள்வியையே தள்ளிவிடுகிறார். நாம் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறோம். பார்வை கிடைத்த பிறகு அம்மனிதனுக்கு நேர்ந்தது என்ன? அண்டை அயலார் அவன்தானா என்று சந்தேகித்தார்கள். பெற்றோர் பயந்து ஒதுங்கினார்கள். தலைவர்கள் அவனை வெளியே தள்ளினார்கள். பார்வை கிடைத்த அன்றே அவனுக்கு ஊர் இல்லாமற் போயிற்று! அதைக் கேள்வியுற்ற ஆண்டவர் அவனைத் தேடிச் சென்று கண்டார். குணமாக்கியதோடு தம் வேலை முடிந்தது என்று அவர் இருந்துவிடவில்லை.

மருந்து கொடுப்பது மருத்துவர் வேலை. ஊரில் இடம் கொடுப்பது நம் வேலை. சட்டங்கூட மெள்ள மெள்ள இதை உணர்ந்து வருகிறது. தொழுநோயாளரை அடைத்துவைக்க 1898-ல் பிறந்த சட்டம் 2016-ல்தான் ஒழிந்தது. தொழுநோயைக் காரணமாகக் காட்டி விவாகரத்துக் கோரும் வழி 2019-ல் நீக்கப்பட்டது.

நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோவில் கல்வெட்டைக் காண எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். பராந்தக சோழன் காலத்தில், 921-ம் ஆண்டையொட்டி, குடவோலைக்கு யார் தகுதியுடையவர், யார் தகுதியற்றவர் என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். நிலமும் வேதப்பயிற்சியும் உள்ளவருக்கே இடம். கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை, அவன் உறவினருக்கும் இல்லை. பிறர் பணத்தில் கைவைத்தவனை விலக்கியது நியாயமே. ஆனால் ஒரு குற்றமும் செய்யாத நோயாளியையும், அவன் பெண்ணுக்கு வரன் கிடைக்காதபடி அவன் குடும்பத்தையும் விலக்கிவைக்கும் எழுதாத கல்வெட்டு ஒன்று நம் நெஞ்சங்களில் இருக்கிறதே! 2025-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் திருத்தங்களைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. சபையில் நாற்காலி போட்டாயிற்று. பந்தியில் இலை போட்டோமா?

வேலூர் மருத்துவமனையில் பணிபுரிந்த டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் பிற்பகுதியில் தொழுநோயாளரின் முடங்கிய கைகளை அறுவை செய்து நிமிர்த்தத் தொடங்கினார். விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை என்பதை அவர் கண்டார். நரம்பு செத்து உணர்ச்சி போய்விடுவதால், கொதிக்கும் பாத்திரத்தைத் தொட்டாலும் நோயாளிக்குத் தெரிவதில்லை. காயம் பட்டதே தெரியாமல் அந்த விரல் மீண்டும் மீண்டும் காயப்பட்டு அழிகிறது. ஓர் உறுப்பு வருந்தினால் எல்லா உறுப்பும் வருந்தும் என்று அர்ச். சின்னப்பர் போதித்த சரீரத்துக்கும் இது பொருந்தும். தன் ஊரில் ஒருவன் தனிமையில் தேய்வது ஊருக்குத் தெரியவில்லையென்றால், உணர்ச்சி இழந்தது அவனல்லன், ஊர்தான்.

ஹான்சன் கிருமியைக் கண்ட அதே 1873-ல், தமியான் சுவாமியார் மொலக்காய்த் தீவில் கால் வைத்தார். அங்கே நோயாளிகளோடு ஒரே கலத்தில் உண்டார், அவர்கள் புண்களைக் கட்டினார், 1889-ல் அந்நோயாலேயே மரித்தார். அக்காலத்தில் மருந்தில்லை. இன்று நம்மிடம் யாரும் அவ்வளவு பெரிய தியாகத்தைக் கேட்கவில்லை. நம்மிடம் கேட்பதெல்லாம் சிறியவையே.

நொண்டி, குருடு, கூனி என்று பட்டப்பெயர் சொல்லாமல் பெற்றோர் இட்ட பெயரைச் சொல்லி அழையுங்கள். கலியாணத்துக்கு வெற்றிலை பாக்கு வைக்கும்போது அந்த வீட்டையும் தாண்டாமல் வையுங்கள். கோவிலில் அவர் உட்காரும் வரிசையில் நீங்களும் உட்காருங்கள். காசு போடுவதற்குக் கை நீண்டால் போதும், அருகில் போக வேண்டியதில்லை. ஆகையால் காசோடு நின்றுவிடாமல் ஒரு நாழிகை திண்ணையில் அமர்ந்து பேசுங்கள். தோலில் உணர்ச்சியற்ற தேமல் கண்டவர்களை மறைக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். மருந்து அங்கே இலவசம்.

மோகனசுந்தரம் தன்னைச் சிலையாக நிறுத்தச் சொன்னான். தன்னைக் கண்டு ஜனங்கள் விலக வேண்டுமென்பதே அவன் கேட்டது. நம் தெருவில் இருப்பவரோ சிலையல்லர், நம்மைப் போல் பசியும் பேச்சும் உறவும் வேண்டும் மனிதர். அவரிடம் இந்த வாரமே போவோமாக.