ஒரே பாட்டு, இரண்டு பிறவி

மீனவர்களின் வாழ்வைக் கதையாக்கிய படம், 1964-இல் வந்த ‘படகோட்டி’. அதில் வாலி எழுதி, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையமைக்க, டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடியது ‘தொட்டால் பூ மலரும்’.

40 ஆண்டுகள் கழித்து, ‘நியூ’ படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான் அந்தப் பாட்டைக் கையில் எடுத்தார். வாலியின் வரிகள் இருந்தன, மெட்டு புதிது. பாடியவர்கள் ஹரிஹரன், ஹரிணி.

2007-இல் அதே ரஹ்மான் நேர்மாறாகச் செய்தார். ‘சொர்க்கம்’ (1970) படத்துக்கு எம்.எஸ். விஸ்வநாதன் இசையமைத்த ‘பொன்மகள் வந்தாள்’ பாட்டை, ‘அழகிய தமிழ் மகன்’ படத்தில் மெட்டு கலையாமல் வைத்துக்கொண்டு, தாளத்துக்கும் வாத்தியங்களுக்கும் புதுச் சட்டை மாட்டினார்.

பழசா, புதுசா என்று டீக்கடையில் கட்சி கட்டுவது சுகம்தான். ஆனால் ஒப்பிட்டுக் கேட்கிற காதுக்கு அதைவிடப் பெரிய லாபம் உண்டு. சொல் எங்கே மெட்டைத் தாங்குகிறது, மெட்டு எங்கே சொல்லைத் தூக்குகிறது என்பது அப்போதுதான் பிடிபடும்.

இன்று ராத்திரி இந்த நான்கையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதல் தடவை குரலை மட்டும், அடுத்த தடவை தாளத்தை மட்டும் கவனியுங்கள். ஓட்டை அப்புறம் போடுங்கள்.