பிடித்து விடுதல் இரக்கமாகுமா?

பிடித்த மீனை உயிருடன் நீரிலேயே விட்டுவிட்டால் அதில் இம்சை எங்கே இருக்கிறது என்னும் வினா இப்போது நம் குடும்பத்து இளைஞர்களிடமிருந்தே எழுகின்றது. அமெரிக்காவிற்குப் பணியின் பொருட்டுச் சென்ற நம் பிள்ளைகள், இறகும் நூலும் கொண்டு கட்டிய பொய்யான ஈயைச் சிறு குளங்களில் வீசிப் பாஸ் என்னும் மீனைப் பிடித்து, படம் எடுத்துக்கொண்டு, மீண்டும் நீரில் விடும் விளையாட்டை அங்கே காண்கின்றனர். நமக்கும் இது முற்றிலும் புதிதன்று. நீலகிரி ஓடைகளில் ஆங்கிலேயர் டிரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டது இப்பொழுதுபோக்கிற்காகவே. பள்ளிப்பட்டு போன்ற ஊர்களின் ஏரி குளங்களில் பாஸ் மீனின் இடத்தில் இருப்பது விரால். அதற்கு ரப்பர்த் தவளையை வீசுவோர் நம் நாட்டிலும் பெருகிவிட்டனர்.

கொல்லவில்லை, தின்னவில்லை, ஆகவே குற்றமில்லை என்பது அவர்களது வாதம். ஆனால் கொல்லாமை அணுவிரதத்திற்கு நம் ஆசாரியர்கள் வகுத்த ஐந்து அதிசாரங்களில் ஒன்றுகூடக் கொலை அன்று என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். கட்டுதல், அடித்தல், உறுப்பைத் துளைத்தல் அல்லது அறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பவையே அவை. உயிர் பிழைத்திருக்கும்போதே நேரும் துன்பத்தைத்தான் இப்பட்டியல் முழுவதும் பேசுகிறது. தூண்டில் முள் உதட்டைத் துளைக்கிறது. நரம்புக்கயிறு இழுத்துக் கட்டுகிறது. கரையில் நீர் மறுக்கப்படுகிறது. ஐந்தில் மூன்று ஒரே வீச்சில் நிகழ்ந்துவிடுகின்றன!

மீனுக்கு வலி உண்டா என்று சிலர் கேட்பர். 2003-இல் லின் ஸ்னெடன் என்னும் ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியோரும் டிரவுட் மீனின் தலைப்பகுதியில் வலியை உணரும் நரம்புமுனைகளைக் கண்டனர். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் உதட்டைக் கற்களில் தேய்த்ததையும், உண்ணாமல் நெடுநேரம் இருந்ததையும் எழுதினர். அதனை மறுக்கும் அறிஞர்களும் உளர். மீனை ஐம்பொறியுடைய உயிராக வைத்தெண்ணும் நமக்கு அவ்விவாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டிய தேவையில்லை. (அந்த ஆய்விலும் மீன் துன்புற்றது என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.)

விராலைப் பற்றி ஒன்று கூறியாக வேண்டும். மழைக்காலத்தில் அதன் குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாக நீர்மட்டத்தில் மிதந்து வரும். தாயும் தந்தையும் கீழே நின்று காவல் காக்கும். அக்கூட்டத்தின் நடுவே பொம்மைத் தவளையை எறிந்தால், குஞ்சுகளைக் காக்க எண்ணியே விரால் பாய்ந்து கவ்வும். பாஸ் மீனிலும் ஆண்மீன் கூட்டைக் காத்து நின்று அவ்வாறே கடிக்கின்றது. அதனைப் பிடித்துக் கரையில் வைத்திருக்கும் வேளையில், காவலற்ற குஞ்சுகளைப் பிற மீன்கள் விழுங்கிவிடுகின்றன. எந்த அன்பு அதனை நம்மிடம் அகப்படச் செய்ததோ, அந்த அன்பிற்கு உரியவை அதனைத் திரும்ப விடும்போது அங்கு இருப்பதில்லை.

மிருகசேனன் கதையை எடுத்துக்காட்டி, பிடித்து விடுதலை நம் சமயமே போற்றியுள்ளது எனச் சிலர் கூறலாம். வலையில் முதலில் விழும் மீனைக் கொல்வதில்லை என்று முனிவரிடம் விரதம் ஏற்ற செம்படவன் அவன். அடையாளம் கட்டி விட்ட அதே மீன் ஐந்து முறை வலையில் வர, ஐந்து முறையும் விட்டு, வெறுங்கையுடன் வீடு திரும்பினான், மனைவி கதவடைத்தாள், வெளியே உறங்கியவன் பாம்பு தீண்டி இறந்தான். அந்த விடுதலைக்கு அவன் கொடுத்த விலை அன்றைய சோறு. விளையாட்டிற்குப் பிடிப்பவர் எதனை இழந்து விடுகிறார்? படம் அவரிடமே இருக்கிறது. வயிற்றுப்பாட்டிற்கு வலை வீசும் ஏழையைக் குறைவாகவும், விலையுயர்ந்த கோலுடன் நிற்பவரைக் கருணையாளராகவும் காணும் நம் வழக்கத்தை இக்கதை தலைகீழாக்கிவிடுகிறது.

சோமதேவ சூரி 959-இல் முடித்த யசஸ்திலக சம்புவில், கொல்லாமலும் பாவியாகும் வலைஞனையும், உழுகையில் உயிர்கள் மடிந்தும் அப்பாவம் சேராத உழவனையும் எண்ணத்தால் வேறுபடுத்துகிறார். உழவுத்தொழிலைச் சார்ந்த நமக்கு இது மிகவும் வசதியான உவமை என்பதையும் மறைப்பதற்கில்லை. எனினும் அளவுகோல் சரியானதே. விடுவது கடைசி நொடியில் வரும் எண்ணம். வீசும்போது இருந்த எண்ணம் பிடிப்பது.

தூண்டில்காரர்களே நீர்நிலைகள் கெடாமல் காக்கக் குரல் கொடுக்கின்றனர் என்பது உண்மை, அது நன்மையே. அதற்கு முள் ஏன் வேண்டும் என்பதுதான் விளங்கவில்லை. சுவிட்சர்லாந்து 2008-இலேயே, திரும்ப விடும் நோக்குடன் மீன் பிடிப்பதைச் சட்டத்தால் தடுத்தது. உண்பதற்குப் பிடிப்பதை அந்நாடு அனுமதிக்கிறது. பயனின்றித் துன்புறுத்துவதையே தடுக்கிறது. நம் நூல்கள் அனர்த்த தண்டம் என்பதும் இதனையே. அதன் வகைகளுள் ஒன்று இம்சாதானம், அதாவது துன்புறுத்தும் கருவியைப் பிறர்க்கு அளித்தல். அயல்நாட்டிலிருந்து விடுமுறைக்கு வருவோர் சிறுவர்களுக்குப் பரிசாகத் தூண்டில்கோல் வாங்கி வரலாமா என்னும் கேள்விக்கும் விடை அங்கேயே கிடைத்துவிடுகிறது.