மனக்கோயில்

எங்கள் திருநின்றவூரில் பூசலார் நாயனார் மனத்திலேயே கோயில் கட்டினார். ஈசனும் அதில் குடிபுகுந்தான் என்பார்கள். அடுத்த வீட்டு அம்மாளும் ஒரு மனக்கோயில் கட்டிவிட்டாள். அவள் மகனுக்கு எந்த மாத்திரைக்கும் அடங்காத காக்காய்வலிப்பு. கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் கன்னாபிடியாலைப் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து, "பச்சிலைதானே ஸார், கெடுதல் செய்யுமா? பழைய மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?" என்கிறாள்.

"திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, அம்மா" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. நம்பிக்கையைக் கெடுத்த பாவம் எனக்கா?

1839-லேயே கல்கத்தாவில் ஓஷானஸி என்ற டாக்டர், வலிப்புக் கண்ட குழந்தைக்குக் கஞ்சாச் சாரம் கொடுத்துப் பார்த்தார். கன்னாபிடியாலை அமெரிக்கா அங்கீகரித்தது 2018-ல். டிராவே என்ற கடும் வலிப்பு நோய்க்கு நடந்த சோதனையின் முடிவு 2017-ல் வெளிவந்தது. மருந்து உண்டவர்களில் 100-க்கு 43 பேருக்கு வலிப்பு பாதியாவது குறைந்தது. வெறும் திரவம் குடித்தவர்களில் 27 பேருக்கும் அப்படியே! நம்பிக்கையோ, நோயின் ஏற்ற இறக்கமோ! ஆனால் இரு சாராரும் பழைய மாத்திரையை விடவில்லை.

ஈசன் மனக்கோயிலை ஏற்பான், நோய் ஏற்காது. நம்பிக்கையைப் பறிக்க நான் யார்? எண்ணிப் பார்க்கச் சொல்லலாமே. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன்.

"வலிப்பு வரும்போதெல்லாம் தேதி போட்டு எழுதி டாக்டரிடம் காட்டுங்கள், அம்மா. மாத்திரையை அவர் சொல்லாமல் தொடாதீர்கள்."

நேற்று முதல் வரி எழுதியிருக்கிறாள்.