திருந்தாதவன் யார்?

பதுளை மாவட்டத்தில், எல்லவுக்கு அருகே, இராவணன் பெயரால் ஓர் அருவி வீழ்கிறது. இம்மாவட்டத்துத் தோட்டப் பிள்ளைகளுக்குக் கம்பனைக் கற்பிக்கும் நம்மை அவர்கள் கேட்பதுண்டு: "இராவணன் திருந்தவே முடியாதவனா?"

புலவர் குழந்தை 1946இல் இராவண காவியம் இயற்றி அவனைக் காவியத் தலைவனாக்கினார். 1948இல் சென்னை அரசு அந்நூலைத் தடைசெய்தது; 1971இலேதான் தடை நீங்கிற்று. முற்றிலும் தீயவன் என்போரும் குற்றமே அற்றவன் என்போரும் விசாரணையை முடித்துவிடுகின்றனர்.

கம்பனோ அதைத் தொடர்கிறான். வீடணனும் கும்பகருணனும் இடித்துரைக்கின்றனர். படைக்கலம் இழந்து நின்றவனை இராமன் கொல்லாது திருப்பியனுப்புகிறான். திருந்தும் வாயில் இறுதிவரை திறந்தே கிடந்தது. ஆகவேதான் இராவணன் குற்றவாளி. திருந்தும் ஆற்றலே அற்றவனாயின் அவனைப் பழிக்க நமக்கு உரிமை ஏது? கொட்டிய தேள்மீது யாரும் வழக்குத் தொடுப்பதில்லை.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. இதே மாவட்டத்தில், கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தையில், 2014 அக்டோபர் 29ஆம் நாள் மலை சரிந்து லயன்களைப் புதைத்தது. 'இயற்கையின் கொடுமை' என்றனர். ஆனால் 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. மக்களோ அம்மலையடியிலேயே விடப்பட்டனர். மலையைக் கொடியவனாக்கிவிட்டால் மனிதர் யாரும் பதில் கூற வேண்டியதில்லை. மலை திருந்தாது. உழைப்பவனுக்குக் காணியின்றி லயனை மட்டும் தந்த ஏற்பாடு மனிதர் செய்தது. மனிதரால் திருத்தத் தக்கது.

திருந்தக் கூடியவனிடமே கணக்குக் கேட்க முடியும். கேட்போம்.