மிச்சமும் எச்சிலும்

பண்டிகைக்கு மறுநாள் யாழ்ப்பாணத்து அடுக்களைகளில் அடுப்பு மெதுவாகத்தான் எரியும். முதல்நாட் கத்தரிக்காய்க் குழம்பும் பூசணிக்காய்க் கறியும் பருப்பும் ஒரே சட்டியில் ஒன்றாகிச் சுண்டிக்கொண்டிருக்கும். இரவில் நீரூற்றி வைத்த சோற்றைப் பிழிந்தெடுத்து, அந்தச் சுண்டக்கறியோடு தயிரும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்துக் குழைத்து, ஆச்சி உருட்டிக் கையில் வைக்கும் திரளைக்கு முதல்நாள் விருந்தே ஈடாகாது என்போர் பலர். மீந்த பிட்டும் இடியப்பமும் உதிர்க்கப்பட்டு, வெங்காயத்தோடு தாளிக்கப்பட்டு, புதிய உணவாகிவிடும்.

இது வெறும் சுவைப் பழக்கமன்று, அறிவின் விளைவு. நீரூற்றிய சோற்றை இலாக்டிக் அமில பக்டீரியாக்கள் இரவோடிரவாகப் புளிக்க வைக்கின்றன. கறியைக் கொதிக்க வைத்துச் சுண்ட வைப்பது, அது கெட்டுப்போவதைத் தள்ளிப்போடுகிறது. குளிர்சாதனப் பெட்டியைக் கண்டிராத பெண்கள் தம் அநுபவத்தால் கண்ட முறைகள் இவை. வற்றாத ஆறில்லாத இக்குடாநாட்டில் நெல் மாரி மழையை நம்பியே விளைகிறது. விளைவதோ தேவைக்குப் போதாது. அத்தகைய மண்ணில் ஒரு பிடி சோற்றை வீசுவது உழைப்பை வீசுவதாகும். உலகமோ இன்று வீசிக்கொண்டிருக்கிறது. 2022 ஆம் ஆண்டில் 105 கோடி தொன் உணவு விரயமாயிற்று என்றும், அது நுகர்வோருக்குக் கிடைத்த உணவில் ஏறத்தாழ 19 வீதம் என்றும் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் கணித்துள்ளது. சுண்டக்கறிச் சட்டியிடம் உலகம் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு என்பதில் ஐயமில்லை.

ஆயினும் மிச்சத்தை எப்படிச் சமைப்பது என்ற கேள்வியோடு நாம் நின்றுவிட முடியாது. மிச்சத்தை உண்பவர் யார்? அறத்தின் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

நமது விருந்து வீடுகளுக்கு ஒரு முன்வாசலும் ஒரு பின்வளவும் இருந்தன. முன்வாசலால் வந்தவர் பந்தியில் அமர்ந்தனர். பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்ட மக்களோ, அந்த வீட்டின் விறகைக் கொத்தியும் பந்தலை இட்டும் துணியை வெளுத்தும் உழைத்தவர்களாக இருந்தும், பனையோலைப் பெட்டிகளோடு பின்வளவில் காத்திருந்தனர். கடைசிப் பந்தியும் எழுந்த பின்னரே அவர்களின் பெட்டியில் சோறு விழுந்தது. கொடுத்தவர் அதைத் தருமம் என்றார். உண்மையில் அது என்ன? கொடுபடாத கூலியின் ஒரு பகுதி. உழைப்புக்கு உரிய ஊதியத்தை மறுத்துவிட்டு, அதன் இடத்தில் மிச்சத்தை வைத்து, அதற்கு நன்றியும் எதிர்பார்த்த ஏற்பாடு அது.

‘பசித்தவனுக்குச் சோறுதானே வேண்டும், வீசுவதிலும் கொடுப்பது மேலல்லவா?’ என்று கேட்பவர் உண்டு. மேல்தான்; மறுப்பதற்கில்லை. பசித்த வயிறு தத்துவம் கேட்டுக்கொண்டிராது. ஆனால் குற்றம் சோற்றில் இல்லை, வரிசையில் இருக்கிறது. ஒரே பானைச் சோறுதான் வீட்டாரின் கையில் ‘மிச்சம்’ எனவும், பின்வளவில் நின்றவரின் பெட்டியில் ‘எச்சில்’ எனவும் பொருள்பட்டது. அதை அவ்வாறு மாற்றியது பக்டீரியா அன்று. மனிதன் வகுத்த சாதி.

இந்த உண்மையை ஒடுக்கப்பட்ட மக்கள் நன்கு அறிந்திருந்தனர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த சமாசன, சமபோசனக் கோரிக்கைகள் கூடுதல் சோறு கேட்கவில்லை. ஒரே வாங்கையும் ஒரே பந்தியையும் கேட்டன. தேநீர்க் கடைகளில் சிரட்டையிலும் போத்தலிலும் ஊற்றிக் கொடுக்கப்பட்ட தேநீர் மற்றவர் குடித்த அதே தேநீர்தான். அதை மறுத்து, அதே குவளையைக் கேட்டுப் போராடினர். 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்த பின்னரும் கடைக் கதவுகள் தாமாகத் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட வேண்டியிருந்தது. அதன் மேல் தடியடி விழ வேண்டியிருந்தது. சிந்திய இரத்தம் ஒரு வாய்த் தேநீருக்காக அன்று. கடைசியில் அன்றி, பிறரோடு ஒன்றாக அருந்தும் உரிமைக்காக.

இன்று பெட்டியோடு நிற்போரைக் காண்பது அரிது. ஆனால் கலியாண மண்டபத்தில் இரவு பத்து மணிக்குச் சோறு மீந்ததும், சிறுவர் இல்லத்தின் தொலைபேசி எண்ணைத் தேடும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. உறங்கிவிட்ட பிள்ளைகளுக்கு ஆறிப்போன சோற்றை அனுப்பிவிட்டு நாம் நிம்மதியாக உறங்குகிறோம். கொடுக்கும் எண்ணம் மெய்யானால், பந்தி தொடங்குமுன் அவர்கள் பங்கை எடுத்து வைத்துச் சூடாக அனுப்புவதில் என்ன தடை? கொடுப்பதை முதலில் எடுப்போம். மீந்ததை நாமே உண்போம். மிச்சம் பற்றிய அறம் இவ்விரு வரிகளில் அடங்கும்.

‘நாமே’ என்ற சொல்லுக்குள்ளும் ஒரு பின்வளவு ஒளிந்திருக்கிறது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அடுக்களை மூலையில் சட்டியை வழித்து உண்பவள் யார்? சுண்டக்கறியின் மணத்தைப் புகழ்ந்து எழுதும் ஆண்கள், அதைக் கண்டுபிடித்தவள் கடைசியாக உண்ண விதிக்கப்பட்டவள் என்பதை மறந்துவிடுகிறார்கள். திரளையை உருட்டும் கைக்கும் ஒரு திரளை மிஞ்சியதா என்று கேட்காத குடும்பம் சமத்துவம் பேசுவதில் பொருளில்லை.

நமது ஊர்களில் தீபாவளிக்குப் பங்கு போடும் வழக்கம் ஒன்று உண்டு. பலர் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கி, இறைச்சியையும் எலும்பையும் ஈரலையும் இலைகளில் சமமான குவியல்களாக வைத்து, ஆளுக்கொன்று எடுத்துச் செல்வர். அங்கே முதற் குவியலும் இல்லை, கடைசிக் குவியலும் இல்லை. கொடுத்தவனும் இல்லை, வாங்கியவனும் இல்லை. பணம் வைத்திருந்தவனுக்கே குவியல் என்பது அதன் குறை. அந்தக் குறையைக் களைவதுதான் நமது வேலை. மிச்சத்தை வீணாக்காமல் உண்ணக் கற்றுத் தந்த மண், எவரையும் மிச்சத்துக்காகக் காத்து நிற்க வைக்காமல் உண்ணவும் கற்றுக்கொள்ள வேண்டும்.